கல்லும் கரையும்

அழியாத பொருளுக்கு ஓர் உவமை கூறுக என்று எவரைக் கேட்டாலும், அவர் வாயில் முதலில் வருவது கல்லே. அக்கால அரசர்கள் தம் கொடைகளை ஓலையில் எழுதியதோடு அமையாமல், கல்லிலும் வெட்டி வைத்தார்கள். சந்திரனும் சூரியனும் உள்ள வரையில் அக்கொடை நிலைக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஆனால் அதே தமிழ் மக்கள்தாம் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று ஒரு பழமொழியையும் வழங்கி வருகிறார்கள். கல் அழியாதது என்பது ஒரு கூற்று; கல்லும் தேயும் என்பது மற்றொரு கூற்று. இவ்விரண்டில் எது உண்மை?

இரண்டும் உண்மையே. மனிதனுடைய வாழ்நாளை அளவுகோலாகக் கொண்டால் கல் அழியாதது. பூமியின் வாழ்நாளை அளவுகோலாகக் கொண்டால், கல்லும் உப்பைப் போலக் கரைவதே. அது எவ்வாறு கரைகிறது, எவையெவை அதைக் கரைக்கின்றன, அதனால் நமக்கு வரும் நன்மை தீமைகள் யாவை என்பனவற்றை மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பித்தவன் நான். இப்பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். “நீ மிதித்து நிற்கிறாயே, இந்த மண் எங்கிருந்து வந்தது?” என்பேன். “ஆறு கொண்டு வந்தது, ஐயா” என்று ஒருவன் சொல்வான். “ஆற்றுக்கு யார் கொடுத்தார்கள்?” என்றால், “மலை கொடுத்தது” என்பான். “மலை கல்லாயிற்றே! கல் எப்படி மண்ணாயிற்று?” என்று கேட்டவுடன் வகுப்பு முழுவதும் அமைதியாகிவிடும். அந்த அமைதிதான் பாடம் தொடங்க வேண்டிய இடம்.

முதலில் இரு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று சிதைவு, மற்றொன்று அரிப்பு. பாறை தான் இருக்கும் இடத்திலேயே வெடித்தும், உதிர்ந்தும், மக்கியும் போவது சிதைவு. அவ்வாறு உதிர்ந்ததை ஆறும், காற்றும், கடல் அலையும் அள்ளிச் செல்வது அரிப்பு. உரலில் நெல்லைக் குத்துவது ஒரு வேலை. குத்தியதைப் புடைத்து அள்ளுவது மற்றொரு வேலை அன்றோ? தேர்வுத் தாள்களில் மாணவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவார்கள். குத்தாத நெல்லைப் புடைத்து அரிசி காண முடியாது. அதுபோலவே, சிதையாத பாறையிலிருந்து ஆறு எடுத்துச் செல்லக்கூடியது மிகச் சிறிதே.

பாறை ஏன் சிதைய வேண்டும்? இதற்கு விடை அதன் பிறப்பிடத்தில் இருக்கிறது. சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலை ஆகிய இடங்களில் கருநிறமான ஒரு கடுங்கல் உண்டு. அதற்குச் சார்னோகைட் என்று பெயர். இக்கல் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேற்பரப்பிற்குப் பல மைல் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் உருவானது. அங்கே மழை இல்லை, காற்று இல்லை, புல் பூண்டு இல்லை. அந்தச் சூழ்நிலைக்கு ஏற்றவாறே அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே இருந்த பாறைகள் யுகம் யுகமாகத் தேய்ந்து போன பின்னர், அது வெளிச்சத்திற்கு வந்தது. ஆழ்கடல் மீனைக் கரையில் இட்டால் என்ன ஆகும்? அதுதான் இப்பாறைக்கும் நேர்கிறது. மீன் சில நிமிடங்களில் மாய்கிறது. பாறை சில லட்சம் ஆண்டுகளில் மாய்கிறது. வேறுபாடு அவ்வளவே.

வெளியே வந்த பாறைக்கு முதலில் நேர்வது சுமை நீக்கம். மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் போய்விட்டதால் பாறை சிறிது விரிகிறது. அவ்வாறு விரியும்போது அதன் மேற்பரப்பிற்கு இணையாக வெடிப்புகள் உண்டாகின்றன. வெங்காயத்தில் தோல் தோலாக இருப்பது போல, பாறையும் பாளம் பாளமாகப் பிரிகிறது. அமெரிக்க நாட்டின் சியரா நிவேதா மலைகளில் உள்ள குவிந்த பாறைகளை ஆராய்ந்த கில்பர்ட் என்ற அறிஞர் 1904ஆம் ஆண்டில் இதைப்பற்றி எழுதினார். நமக்கோ அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. மதுரையருகே ஆனைமலையையும், திண்டுக்கல்லில் கோட்டை நிற்கும் பாறையையும், நாமக்கல் மலையையும் பாருங்கள். முண்டனம் செய்த தலையைப் போல அவை வழவழப்பாகவும் உருண்டும் இருப்பதற்கு இந்தப் பாளப் பிரிவு ஒரு முக்கிய காரணம்.

நம் நாட்டுக் கல்லுடைப்போர் நூல் எதுவும் படிக்காமலேயே இவ்வுண்மையை அறிந்திருந்தார்கள். நான் பணியாற்றிய ஓர் ஊரின் வெளியே அத்தகைய பாறை ஒன்று இருந்தது. அதன்மேல் விறகை வரிசையாக அடுக்கித் தீ மூட்டுவார்கள். தீயைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே, ஒருவர் சம்மட்டியால் பாறையைத் தட்டிக் கேட்பார். அடியோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ஓசை ஒருவிதமாகவும், பிரிந்த இடத்தில் வேறுவிதமாகவும் ஒலிக்கும். ஓசையைக் கொண்டே பாளம் எதுவரை கழன்றது என்று சொல்லிவிடுவார். பாறைக்குள் ஏற்கெனவே விரியத் துடித்துக்கொண்டிருக்கும் பாளத்தை, அவர்கள் இட்ட தீ சற்றே விரைவாக எழுப்பிவிடுகிறது.

அப்படியானால், நாள்தோறும் காயும் சூரிய வெப்பமே பாறையை உடைத்துவிடும் அன்றோ என்று நீங்கள் கேட்கலாம். பகலில் சூடேறிப் பாறை விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. இவ்வாறு விரிந்தும் சுருங்கியும் அது வெடிக்கிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் விஞ்ஞானத்தில் பொருத்தம் மட்டும் போதாது, சோதனை வேண்டும்.

டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் அச்சோதனையைச் செய்தார். மெருகிட்ட கருங்கல் துண்டு ஒன்றை மின்சார அடுப்பால் சூடாக்குவதும், பின் குளிரச் செய்வதுமாக 89,400 முறை செய்தார். நாளொன்றுக்கு ஒரு முறை என்று கணக்கிட்டால் அது 244 ஆண்டுகளுக்குச் சமம். முடிவில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது கல்லில் எவ்வித மாறுதலும் தென்படவில்லை. பிறகு அதே சோதனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். உலர்ந்த காற்றால் குளிர்விப்பதற்குப் பதிலாக, நீரைத் தெளித்துக் குளிர்வித்தார். இரண்டரை ஆண்டுக்குச் சமமான காலத்திற்குள்ளேயே கல்லின் மெருகு மங்கியது, விரிசலும் தோன்றலாயிற்று. 1936ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்தியது. பாறையின் பெரும் பகைவன் நெருப்பன்று, நீரே என்பது புலனாயிற்று.

இதனால் வெப்பத்திற்கு ஒரு பங்குமே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. கிரிக்ஸ் எடுத்துக்கொண்டது குறையற்ற சிறு துண்டு. மலையிலோ முன்னமே பாளம் பிரிந்து நிற்கிறது. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அத்தகைய ஒரு பாறைப் பாளத்தில் கருவிகளைப் பொருத்திச் சில ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். பகல் வெப்பத்தில் அப்பாளம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் அளவு வெளிப்புறமாக வளைந்தும், இரவில் திரும்பியும் வந்தது. அவ்வாறு அசைந்து அசைந்து விரிசல் மெல்ல மெல்ல நீள்கிறது என்று 2016ஆம் ஆண்டில் அந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஆகவே, புதிய விரிசலை உண்டாக்க வெயிலுக்கு வலிமை குறைவு. உள்ள விரிசலை வளர்க்க அதற்கு வலிமை உண்டு. ஒரு சோதனையின் முடிவை அது செய்யப்பட்ட எல்லைக்குள் வைத்தே கொள்ள வேண்டும் என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி நீரின் வேலைகளைக் காண்போம். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருமனில் பெருகும். இமயமலை போன்ற இடங்களில் பகலில் விரிசலுக்குள் புகுந்த நீர் இரவில் உறைந்து, ஆப்பு வைத்தது போலப் பாறையைப் பிளக்கிறது. அங்கே மலையடிவாரங்களில் கூர்மையான கற்கள் குவியல் குவியலாகக் கிடப்பதற்கு இதுவே காரணம். நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் பனிக்கட்டி ஏது? ஆயினும் நம் கடற்கரையில் பனிக்கட்டியின் வேலையைச் செய்ய மற்றொரு பொருள் இருக்கிறது. அதுதான் உப்பு.

கடற்கரை ஊர்களில் வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சில ஆண்டுகளில் அங்கே பூச்சு உதிரும். பின்னர்ச் செங்கல்லும் மாவாய்க் கொட்டும். உப்பு நீர் சுவரின் நுண்ணிய துளைகளில் ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிப் போய்விடுகிறது. உப்போ படிகமாகி உள்ளேயே நின்றுவிடுகிறது. மறுநாளும் நீர் ஏறுகிறது. படிகம் மேலும் வளர்கிறது. இடமில்லாத துளையில் வளரும் படிகம் துளையின் சுவரை நெரிக்கிறது. செங்கல்லுக்கு நேர்வது கருங்கல்லுக்கும் நேரும். ஆனால் காலம் மிகுதியாகப் பிடிக்கும்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைச் சென்று பாருங்கள். பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. 1,300 ஆண்டுகளாக உப்புக் காற்று அதன்மேல் வீசி வருகிறது. சுற்றுமதில்மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் நந்திகளின் கண்ணும் மூக்கும் மழுங்கி, சில வெறும் கல் உருண்டைகளாகவே தோன்றுகின்றன. அங்கிருந்து சிறிது தூரம் உட்புறம் நடந்து, பெரும் பாறையில் செதுக்கிய தவக் காட்சியைப் பாருங்கள். அது இன்னும் பழமையானது. ஆயினும் யானையின் துதிக்கையும், மானின் கொம்பும், முனிவரின் விலா எலும்பும் தெளிவாகத் தெரிகின்றன. உப்பு எவ்வளவு அருகில் இருந்தது என்பதே பெரும்பாலும் இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

மற்றொரு சான்றும் கூறுகிறேன். கல்கத்தா நகர வரலாற்றில் இடம்பெற்ற ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகருக்கு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரில் ஒரு கல்லறை எழுப்பினார்கள். அதிலுள்ள எழுத்துக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது. ஹாலந்து என்ற நிலநூல் அறிஞர் அதை ஆராய்ந்து, 1893ஆம் ஆண்டில் சார்னாக்கின் பெயரையே அக்கல்லின் இனத்திற்கு இட்டார். முன்னே கூறிய சார்னோகைட் என்ற பெயர் வந்த கதை இதுவே. மூடிய மண்டபத்தினுள் கடலலையின் உப்புப் படாமல் இருந்தமையால், 300 ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் எழுத்துகளைப் படிக்க முடிகிறது. கல்லின் ஆயுள் கல்லை மட்டும் பொறுத்ததன்று. அது வாழும் இடத்தையும் பொறுத்தது.

உயிர்களும் பாறையைச் சிதைக்கின்றன. கோபுர இடுக்கில் பறவை இட்ட ஆலம்விதை எத்தனை கோயில்களைப் பிளந்திருக்கிறது! வேர் தலைமயிரைப் போல நுழைந்து, தூணைப் போலப் பருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத வேலையைச் செய்வது கற்பாசி. நம் இல்லங்களில் மசாலாவில் சேர்க்கும் கல்பாசியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. பாறைகளின்மேல் சாம்பல் நிறமாகவும் மஞ்சளாகவும் படர்ந்திருக்கும் இந்தப் பாசிகள், தம் உடலிலிருந்து சுரக்கும் அமிலங்களால் கல்லை அணு அணுவாக அரிக்கின்றன.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான ரசாயனச் சிதைவுக்கு வருவோம். மழை நீர் தூய நீரன்று. காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைவதால் அது மிக மெல்லிய ஓர் அமிலமாகவே தரையில் விழுகிறது. மண்ணுக்குள் புகுந்தால் அமிலம் இன்னும் வலுக்கிறது. ஏனெனில் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால் மண்ணிடைக் காற்றில் கரியமில வாயு மிகுதி. சுண்ணாம்புக்கல்லை இந்த நீர் நேராகவே கரைத்துவிடும். ஆந்திரத்தின் போரா குகைகள் போன்றவை அவ்வாறு குடையப்பட்டவை. கருங்கல்லில் நிகழ்வது சற்றுச் சிக்கலானது.

ஒரு கருங்கல் துண்டை உற்று நோக்குங்கள். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ மங்கலாகத் தெரிவது பெல்ஸ்பார். கண்ணாடித் துண்டு போலத் தெரிவது குவார்ட்ஸ் என்னும் பளிங்கு. கருமையாக மின்னுவது மைக்கா, அதாவது நம் சிறுவர்கள் காக்காய்ப்பொன் என்று சேர்த்து வைக்கும் பொருளின் இனம். இம்மூன்று சகோதரர்களும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். ஆனால் மூவர் விதியும் வெவ்வேறு. பெல்ஸ்பாரிலுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவற்றை அமில நீர் இழுத்துக்கொண்டு போய்விட, எஞ்சியது களிமண்ணாகிறது. மைக்காவில் இருக்கும் இரும்பு பிராண வாயுவோடு சேர்ந்து துருவாகிறது. நம் செம்மண்ணுக்குச் சிவப்பைத் தந்தது இத்தகைய துருவே. குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய மாறாமல் நின்று, மணலாக உதிர்கிறது. களியும் மணலும் துருவும் கலந்ததே மண். என் வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

எந்தக் கனிமம் முதலில் சிதையும், எது கடைசியில் சிதையும் என்ற வரிசையை கோல்டிச் என்ற அறிஞர் 1938ஆம் ஆண்டில் வகுத்துக் காட்டினார். அதில் ஓர் அழகான ஒழுங்கு உண்டு. பாறைக்குழம்பு ஆறும்போது மிகுந்த வெப்பத்தில் முதலில் உறைந்த கனிமங்களே மழையிலும் முதலில் சிதைகின்றன. குறைந்த வெப்பத்தில் கடைசியாக உறைந்த குவார்ட்ஸ் கடைசி வரை நிற்கிறது. பிறந்த இடத்திற்கும் வந்த இடத்திற்கும் வேற்றுமை எவ்வளவு மிகுதியோ, அழிவும் அவ்வளவு விரைவு.

மழையும் வெப்பமும் மிகுந்த இடத்தில் இவ்வேலை இன்னும் தொலைவு செல்கிறது. பளிங்கின் மூலப்பொருளாகிய சிலிக்காவும் கரைந்து, இரும்பும் அலுமினியமும் மட்டும் எஞ்சினால் அது செம்புரைக்கல். மலையாள நாட்டில் வீடு கட்டும் வெட்டுக்கல் இதுவே. மலப்புறம் பகுதியிலுள்ள அங்காடிப்புரத்தில் இதைக் கண்ட புக்கானன் என்பவர், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு 1807ஆம் ஆண்டில் இதற்கு லாட்டரைட் என்று பெயரிட்டார். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உச்சிகளில் காணப்படும் அலுமினியத் தாதுவாகிய பாக்சைட்டும் இவ்வாறு மலையின் கழுவாமல் எஞ்சிய மிச்சமே.

மணலிலும் இக்கதையைப் படிக்கலாம். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருப்பும் சிவப்புமான மணல் உண்டு. உள்நாட்டு மலைப்பாறைகள் சிதைந்தபோது, அழியாமல் தப்பிய கனமான கனிமத் துகள்கள் ஆற்றோடு கடலுக்கு வந்தன. அலைகள் அவற்றைப் புடைத்துப் பிரித்துக் கரையில் சேர்த்தன. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர், அங்கிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அதில் அணுசக்திக்கு உரிய தோரியம் அடங்கியிருக்கிறது.

பெரிய பாறைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் வெண்ணெய்உருண்டைப் பாறையைக் கண்டவர், பழைய வெள்ளம் ஒன்று அதை உருட்டி வந்தது என்றே நினைப்பார். உண்மை அதுவன்று. பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் உண்டு. அவை பாறையைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கின்றன. விரிசல் வழியே புகும் நீர் பெட்டியின் தளத்தை ஒரு பக்கத்திலிருந்து தாக்குகிறது. விளிம்பை இரு பக்கங்களிலிருந்து தாக்குகிறது. மூலையையோ மூன்று பக்கங்களிலிருந்து தாக்குகிறது. ஆகவே மூலைதான் முதலில் போகும், விளிம்பு அடுத்தது. கற்கண்டுக் கட்டி வாயில் இட்டவுடன் உருண்டையாவதும் இப்படியே. சுற்றியிருந்த சிதைந்த மண்ணை மழை கழுவியபின், உருண்டை இருந்த இடத்திலேயே எஞ்சி நிற்கிறது.

இவையெல்லாம் எவ்வளவு விரைவில் நடக்கின்றன? நம் தென்னாட்டுப் பாறைகளுக்கு உறவான பாறைகளே இலங்கையின் நடு மலைநாட்டிலும் இருக்கின்றன. காடு அழியாத சரிவுகளில் மலை எவ்வளவு தேய்கிறது என்பதை, விண்வெளிக் கதிர்கள் பாறையில் உண்டாக்கும் அரிய அணுக்களைக்கொண்டு 2003ஆம் ஆண்டை ஒட்டி அங்கே கணக்கிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளில் ஒரு சில மில்லிமீட்டர் முதல் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வரைதான் தேய்கிறது என்று கண்டார்கள். ஆனால் காட்டை வெட்டிப் பயிர் செய்த சரிவுகளில் மண் போகும் வேகமோ அதைவிடப் பல பத்து மடங்கு மிகுதி.

மாணவர்களே, இக்கணக்கைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஒரு முழ ஆழமுள்ள மண் உருவாகப் பல பதினாயிரம் ஆண்டுகள் வேண்டும். மூடாத சரிவில் சில தலைமுறைக்குள்ளேயே அதைத் தொலைத்துவிடலாம். தொலைத்தால் திரும்ப வாங்க ஒரு கடையும் இல்லை. மரம் வளர்ப்பதும், சரிவில் வரப்புக் கட்டுவதும் அழகுக்காகச் செய்யும் அலங்காரம் அல்ல. பாறை நமக்கு நீண்ட தவணையில் தந்த முதலைக் காப்பாற்றும் வழி.

பாறைச் சிதைவு செய்யும் மற்றொரு பேருதவியும் உண்டு. சிலிக்காப் பாறைகள் கரையும்போது காற்றிலிருந்த கரியமில வாயு நீரோடு கடலுக்குச் சென்று, சிப்பியாகவும் சுண்ணாம்புக்கல்லாகவும் அடைபடுகிறது. பூமி வெப்பமானால் மழையும் சிதைவும் மிகும், வாயு குறையும், வெப்பம் தணியும். குளிர்ந்தால் சிதைவு மந்தமாகும். எரிமலைகள் விடும் வாயு சேர்ந்து வெப்பம் மீளும். பல லட்சம் ஆண்டுகளில் பூமியின் சூட்டை நிலைநிறுத்தும் இந்த ஏற்பாட்டை வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர் 1981ஆம் ஆண்டில் விளக்கினார்கள். ஆனால் புகைபோக்கிகளின் வழியாக நாம் நூறு இருநூறு ஆண்டுகளில் விடும் வாயுவை உடனே ஈடுகட்ட அதனால் இயலாது. பாறையின் கடிகாரம் வேறு. நம் கடிகாரம் வேறு.

மனிதன் சிதைவை விரைவுபடுத்தவும் செய்கிறான். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து சலவைக்கல்லின் மேற்பரப்பை மாற்றிவிடுகிறது. தாஜ்மகாலைச் சூழ்ந்த தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட வேண்டும், அல்லது வேறிடம் செல்ல வேண்டும் என்று 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது இதனால்தான். நம் கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் தூண்களின்மேல் மணலை வேகமாகப் பீய்ச்சித் துப்புரவு செய்ததும் உண்டு. அழுக்கு ஒருநாளில் போயிற்று. அதனோடு சிற்பியின் உளி விட்ட மெருகும், கல்வெட்டின் எழுத்தும் போயின. மேல்தோல் இழந்த கல்லில் நீர் எளிதாக நுழைகிறது. ஆயிரம் ஆண்டு மழை செய்யாததை ஆர்வம் ஒரே நாளில் செய்துவிட்டது. இதற்கு மாறாக, மாமல்லபுரத்தில் காகிதக் கூழை நனைத்துக் கல்லின்மேல் அப்பி, உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சச் செய்து, பின் மெல்ல உரித்தெடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களையும் வளர்த்தார்கள். நோயின் காரணம் அறிந்து செய்யும் வைத்தியம் அது.

கேட்டதோடு அமையாமல் நீங்களே செய்து பார்க்கச் சில சோதனைகள் சொல்கிறேன். ஒரே எடையுள்ள இரு செங்கல் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நல்ல நீரிலும், மற்றொன்றை உப்பு மிகுதியாகக் கரைத்த நீரிலும் இரவு முழுவதும் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காய வையுங்கள். சில வாரம் இவ்வாறு செய்து, எதிலிருந்து எவ்வளவு தூள் உதிர்ந்தது என்று குறித்து வையுங்கள். ஒரு கிளிஞ்சலின்மேலும் ஒரு கருங்கல் ஜல்லியின்மேலும் எலுமிச்சைச் சாற்றை விட்டு, எது நுரைக்கிறது என்று பாருங்கள். கடற்கரை மணலில் காந்தத்தை ஓட்டி, ஒட்டும் கருந்துகளைப் பூதக்கண்ணாடியால் காணுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் மழைபடும் சுவரிலுள்ள கல்வெட்டையும், மண்டபத்தினுள் உள்ள கல்வெட்டையும் கைபடாமல் ஒப்பிடுங்கள். இவற்றிற்குச் செலவு சில காசுகளே. வேண்டியது பொறுமை ஒன்றே.

எறும்பு ஊரக் கல் தேய்கிறதோ இல்லையோ, நீரும் உப்பும் வேரும் பாசியும் காற்றும் ஊர்ந்து ஊர்ந்து அது தேய்வது திண்ணம். அவ்வாறு தேய்ந்ததனால்தான் காவிரிக்கரையில் வயல் உண்டு. வயல் உண்டாதலால் நமக்குச் சோறு உண்டு. ஆகவே கல் கரைவதைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. எந்தக் கல் கரைந்து மண்ணாக வேண்டுமோ, அந்த மண்ணைக் காத்துக்கொள்வோம். எந்தக் கல்லில் நம் முன்னோர் தம் கைத்திறனையும் எழுத்தையும் நம்பி ஒப்படைத்தார்களோ, அந்தக் கல்லை இன்னும் சில நூற்றாண்டுகளாவது நிற்கச் செய்வோம். இரண்டுக்கும் முதலில் வேண்டியது, கல் எவ்வாறு கரைகிறது என்ற அறிவே.